குறைப்பதற்குக் கொஞ்சம் திருட்டு

ராயபுரத்து நங்கூரத் தெருவில் திருட்டு குறைந்துவிட்டது என்று கேள்விப்பட்டு ஊரே சந்தோஷப்பட்டபோது, அடுத்த தெருவான கயிற்றுக்காரத் தெருவில் மளிகைக்கடை வைத்திருந்த தேவப்பிரியத்துக்கு மட்டும் வயிற்றைப் பிசைந்தது. முதலில் அதை வாயுத் தொல்லை என்றுதான் நினைத்தார். ஓமத்தண்ணீர் குடித்தார். சுக்கு இடித்துப் போட்டுக் கஷாயம் வைத்துப் பார்த்தார். யானைக்கவுனிக்குச் சரக்கு எடுக்கப் போகிறபோது ஜட்கா ஏறாமல் நடந்தே போய்ப் பார்த்தார். ஒன்றுக்கும் அடங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்து சகலை வெள்ளத்துரையின் வீட்டுக்குப் போய், அங்கே கூடத்தின் நட்டநடுவில் நின்ற வெள்ளிக் கப்பைப் பார்த்த பிறகுதான் நோய் இன்னதென்று பிடிபட்டது.

அது வடமதராஸ் திருட்டுக் குறைப்பு மகாசபை கொடுத்த கப்பு. எந்தத் தெருவாசிகள் சங்கம் அமைத்து, ஒன்றுகூடி, முதல் ஆறு மாதத்தில் நடந்த திருட்டை அடுத்த ஆறு மாதத்தில் அதிகமாகக் குறைத்துக் காட்டுகிறார்களோ அவர்களுக்கு வருஷக் கடைசியில் கப்பு. அடுத்த வருஷம் ஜெயிக்கிற தெருவுக்கு அதே கப்பு கைமாறும். நங்கூரத் தெருச் சங்கத்துக்குச் செயலாளர் வெள்ளத்துரை. மிளகாய் மண்டி வைத்திருந்தவன். கப்பு என்றால் சாதாரணக் கப்பு இல்லை. இரண்டு பக்கமும் காது வைத்து, கைக்குழந்தையை உட்காரவைத்துக் குளிப்பாட்டலாம் போல இருந்தது. முக்காலி மேல் பட்டுத்துணி விரித்து அதை நிறுத்தியிருந்தான். சாப்பிடக் கூப்பிட்டால் கப்பை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் இலைக்குப் போக முடியும்.

"தொடாதிய அத்தான்" என்றாள் வெள்ளத்துரையின் மனைவி சுகிர்தம். "விரல் பட்டா மங்கிப்போவும். நேத்துத்தான் பல்பொடி போட்டுத் தேச்சேன்."

சுகிர்தம் தேவப்பிரியத்தின் மனைவி ஞானசெல்வியின் கூடப்பிறந்த தங்கை. ஞானசெல்வி சாப்பிட்ட கையோடு புறப்பட்டாள். வீட்டுக்கு வந்தாள், புடவையைக்கூட மாற்றாமல் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்தாள், மிதிக்கத் தொடங்கினாள். அந்த மிஷின் அவள் சம்பாத்தியம். பக்கத்துக் குப்பத்துப் பெண்களுக்கெல்லாம் ரவிக்கை தைத்துக் கொடுப்பவள் அவள்தான். தேவப்பிரியத்தின் கடை பேருக்கு நடந்தது. அடுப்பு எரிந்தது மிஷினால்.

"மெதுவா மிதியேன் செல்வி. பட்டை அந்துரப்போவுது."

"அவளுக்குத் தேய்க்கதுக்குக் கப்பு இருக்கு. எனக்கு மிதிக்கதுக்கு மிஷின் இருக்கு. ஆளுக்கு ஒண்ணு. நீங்க போயிக் கடையத் திறங்க."

தேவப்பிரியம் கடையைத் திறக்கவில்லை. மறுநாள் நேராக மகாசபைக்குப் போனார்.

மகாசபையின் தலைவர் ராவ் சாகிப் சுப்பராயன். வெள்ளைக்காரன் போய்ப் பல வருஷமாகியும் பட்டத்தை மட்டும் அவர் திருப்பிக் கொடுக்கவில்லை. மின்விசிறிக்குக் கீழே, திருட்டு ஒழிக என்று எழுதிய பலகைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"உங்கள் தெருவில் சராசரி எவ்வளவு?" என்று கேட்டார்.

"என்ன சராசரிங்க?"

"திருட்டு."

"எங்க தெருவுல திருட்டே கிடையாதுங்க" என்றார் தேவப்பிரியம், நெஞ்சை நிமிர்த்தி.

ராவ் சாகிப்பின் முகம், துக்கம் விசாரிக்க வந்தவர் முகம் போல ஆகிவிட்டது. "கிடையவே கிடையாதா? ஒரு செம்பு? ஒரு கோழி?"

"ஒண்ணும் கிடையாதுங்க. தெருமுனையில கெங்கம்மான்னு ஒரு மீன்காரம்மா கூடை வச்சிருக்கு. உள்ள வார ஆளை யாரு, எவருன்னு விசாரிக்காம விடாது. அதனால..."

"ஐயா, நான் சொல்லுவதைக் கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள். பூஜ்யத்திலிருந்து எதைக் குறைப்பது? நங்கூரத் தெருவைப் பாருங்கள்! முதல் ஆறு மாதம் அங்கே கதவோடு ஒரு வீடு கிடையாது. கதவையே தூக்கிக்கொண்டு போனார்கள். அந்த ஜனங்கள் அயர்ந்தார்களா? சங்கம் கூட்டினார்கள், தீர்மானம் போட்டார்கள், குறைத்தார்கள். உங்கள் ஜனங்கள் என்ன செய்தார்கள்? சும்மா யோக்கியமாக இருந்தார்கள். சும்மா இருப்பதற்கெல்லாம் கப்புக் கொடுத்தால் மகாசபை எதற்கு? நான் எதற்கு?"

கடைசிக் கேள்விக்கு அவரே பதில் சொல்லிவிடுவாரோ என்று தேவப்பிரியம் சிறிது நேரம் காத்திருந்தார். சொல்லவில்லை.

"போய் முதலில் ஒரு சங்கம் ஆரம்பியுங்கள். வருஷம் இப்போதுதானே பிறந்திருக்கிறது. திருட்டு தானாக வரும்" என்று ராவ் சாகிப் ஆசீர்வாதம் செய்து அனுப்பினார்.

அன்று மாலையே கயிற்றுக்காரத் தெருத் திருட்டுக் குறைப்புச் சங்கம் உதயமாயிற்று. செயலாளர் தேவப்பிரியம். துறைமுகத்தில் பாரம் தூக்கும் இயந்திரத்தில் வேலை பார்த்த லூர்து பொருளாளர். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்ற சவரிநாதன், விசில் சொந்தமாக வைத்திருந்ததால் தலைவர். முதல் தீர்மானம், தெருவில் திருட்டு நடக்க இடையூறாக இருக்கும் கெங்கம்மாவை முனையிலிருந்து எடுப்பது. எடுப்பது என்றால் விரட்டுவது இல்லை. அவளை மாதர் பிரிவுத் தலைவி ஆக்கிவிடுவது. தலைவியானவள் பகல் முழுக்க மகாசபை மண்டபத்தில் இருக்க வேண்டும் என்பது விதி.

"நான் இங்க குந்திகினு கீறதால தான் தெரு நல்லா கீதுன்னு நீதானே சொன்னே அண்ணாச்சி? இப்ப இன்னாத்துக்கு அங்க போயி குந்தணும்?" என்றாள் கெங்கம்மா.

"பதவி கெங்கம்மா, பதவி!" என்றார் லூர்து.

"பதவின்னா அங்க மீன் விக்கலாமா?"

"விக்கப்படாது."

"அப்ப அது இன்னா கலீஜ் பதவி?"

"மேல விசிறி சுத்தும். சும்மா சுத்திக்கினே இருக்கும்."

கெங்கம்மா கூடையை மூடினாள். "மெய்யாலுமா?"

தெருமுனை காலியாயிற்று. திருடன் வரக் காத்திருந்தார்கள். ஒருவனும் வரவில்லை. பழக்கமில்லாத தெருவில் யார் வருவார்கள்? நங்கூரத் தெருவுக்கு மட்டும் ஆள் போகிறதே என்ற பொறாமையில் சவரிநாதன் சரியாகச் சாப்பிடவில்லை. கடைசியில் தேவப்பிரியமே விசாரித்துக்கொண்டு போய், ராயபுரம் ஸ்டேஷனுக்கு எதிரே டீக்கடையில் பொன்னுரங்கத்தைக் கண்டுபிடித்தார். நங்கூரத் தெருவில் வேலை பார்த்த திருடன் அவன்தான். மல் ஜிப்பா, நெற்றி நிறைய நாமம், பார்த்தால் பஜனை மடத்துக்காரர் மாதிரி இருந்தான்.

"அந்தக் கப்பு யாரால வந்துச்சுன்னு நென்ச்சிக்கினு கீறே நைனா?" என்றான் அவன். "நான் பூந்தேன், கூடிச்சு. நான் நின்னேன், கொறைஞ்சுது. ஒன் சகலை மால போட்டுக்கினாரு."

"எங்க தெருவுக்கு ஒரு தடவைகூட வரணும்னு ஒமக்குத் தோணலியே!" என்று மனத்தாங்கலோடு கேட்டார் தேவப்பிரியம்.

"வந்தேனே. ரெண்டு தபா வந்தேன். முனைல அந்தம்மா, 'இன்னா நைனா, யார் வூட்டுக்கு, துன்னியா'ன்னு கேட்டுச்சு. இல்லன்னேன். கொழம்பு ஊத்திச்சு. சங்கரா மீனு. துன்னுட்டு அந்தத் தெருவுலயே எப்டி கைவெக்கிறது? பேஜாராப் பூடுச்சு."

"இப்ப அந்தம்மா இல்ல. நீரு தாராளமா வரலாம்."

"பகல்ல தான் வருவேன். ராவுல முழிச்சா பித்தம் ஏறுது. அப்பால, என்னையும் சங்கத்துல சேத்துக்கணும். மரியாத இல்லாத எடத்துல நான் தொழில் பண்றதில்ல."

சேர்த்துக்கொண்டார்கள். மீட்புப் பிரிவுத் தலைவர் என்று பதவி. திருடியதை எல்லாம் வருஷக் கடைசியில் அவரவர் வீட்டுக் கொல்லைப்புறத்தில் வைத்துவிடுவது என்று ஏற்பாடு.

பொன்னுரங்கம் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு வருவான். முதலில் லூர்து வீட்டு வெண்கலப் பானை போயிற்று. தெருவே திரண்டு வந்து பார்த்தது. பிறகு கோடிவீட்டுக் குத்துவிளக்கு, அதற்கடுத்த வீட்டுச் சுவர்க் கடிகாரம். ஒவ்வொன்றையும் தேவப்பிரியம் மகாசபையில் பதிந்துவிட்டு வந்தார். அதிலிருந்துதான் வினை தொடங்கியது. திருட்டுக் கொடுத்த வீட்டுப் பெண்கள் குழாயடியில் ஒரு மாதிரி நிற்க ஆரம்பித்தார்கள். திருட்டுக் கொடுக்காத வீட்டுப் பெண்கள் அவர்களுக்கு வழிவிட வேண்டியிருந்தது.

"எங்க வூட்டுல என்னா கீதுன்னு பாத்துட்டு தான பூந்தான்? இல்லாதவன் வூட்ல எவன் பூருவான்?"

இந்தப் பேச்சைத் தாங்க முடியாமல் வீட்டுக்காரர்கள் பகலில் கதவைத் திறந்துபோட்டுவிட்டு, பித்தளைச் சாமான்களை வெயில் படுகிற இடமாகப் பார்த்து அடுக்கிவைத்தார்கள். சவரிநாதன் தம்முடைய கல்யாணக் கோட்டுச் சட்டையை வாசல் ஆணியில் தொங்கவிட்டிருந்தார். பொன்னுரங்கம் அதை எடுத்தான், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான், தட்டி மறுபடியும் ஆணியிலேயே மாட்டிவிட்டுப் போனான். சவரிநாதன் ஒரு வாரம் வெளியே தலைகாட்டவில்லை.

தேவப்பிரியத்தின் நிலைமை அதைவிட மோசம். செயலாளர் வீட்டில் ஒரு தூசு போகவில்லை.

"ஒங்க வீட்டுப் பக்கம் மட்டும் வரலியாமே அத்தான்?" என்று சுகிர்தம் வழியில் நிறுத்தி வைத்துக் கேட்டாள். "எங்க வீட்டுல போன வருஷம் கிராமபோன் பெட்டியே போச்சு. பாட்டுத் தட்டோட."

தேவப்பிரியம் பொன்னுரங்கத்தைப் பிடித்து உலுக்கினார். அவன் வருத்தத்தோடு தலையை ஆட்டினான்.

"ஒன் கடைல இன்னா கீது நைனா? வெல்லத்துல எறும்பு கீது, அத்த எடுத்துக்கினு போவச் சொல்றியா? எனக்கும் பேருன்னு ஒண்ணு கீது." ஒரு கணம் யோசித்தான். "அந்தத் தையல் மிஷினுன்னா சொல்லு. நாலு பேர்கிட்ட சொல்லிக்கலாம்."

தேவப்பிரியம் அன்று முழுக்கக் கடையில் உட்கார்ந்து யோசித்தார். மிஷின் எங்கே போகப் போகிறது? வருஷக் கடைசியில் வந்துவிடும். கப்பும் வந்துவிடும். ஒரு பக்கம் மிஷின், ஒரு பக்கம் கப்பு, நடுவில் ஞானசெல்வி சிரித்துக்கொண்டு நிற்கிறாள். இந்தப் படம் அவருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

ஞானசெல்வி மாதர் ஜெபக்கூட்டத்துக்குப் போன மத்தியானத்தில் பொன்னுரங்கம் வந்தான். மிஷினை அசைத்துப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றான். "ஒண்டி ஆளு தூக்க முடியாது. அந்தாண்ட பக்கம் புடி." செயலாளர் ஒரு பக்கம் பிடித்தார். நிலைப்படியில் இடித்தது. லூர்து வந்து, துறைமுகத்தில் சொல்லுகிற மாதிரி "ஏய், சாய்ச்சு எறக்கு" என்று சத்தம் கொடுத்தார். வண்டி இல்லை என்றதும் கடைக் கைவண்டியையும் தேவப்பிரியமே கொடுத்தார். தைக்கக் கொடுத்திருந்த துணிமூட்டையை எடுத்துவைக்க மறந்து, அதுவும் வண்டியோடு போயிற்று.

ஞானசெல்வி வந்தாள். மிஷின் நின்ற இடத்தில் தரையில் நான்கு கால் தடம் மட்டும் இருந்தது. அந்தத் தடத்துக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு, சத்தம் போடாமல் அழுதாள். தேவப்பிரியம் இதை எதிர்பார்க்கவில்லை. வாயைத் திறந்து உண்மையைச் சொல்ல எழுந்தார். அப்போது வாசலில் சுகிர்தம் வந்து நின்றாள். அவள் முகத்தைப் பார்த்தார், கடுகடு என்றிருந்தது.

"மிஷினா போச்சு?" என்றாள் சுகிர்தம். "முழு மிஷினுமா?"

ஞானசெல்வி கண்ணைத் துடைத்தாள். தங்கையை ஏற இறங்கப் பார்த்தாள். "முழு மிஷினும்தான். போன மாசம்தான் புதுச் சக்கரம் மாத்தினேன். கிராமபோன் மாதிரி நாலு பேரு பாட்டுக் கேக்குத சாமானா அது?"

அந்த ஒரு நிமிஷத்துக்காகத் தேவப்பிரியம் உண்மையை விழுங்கிவிட்டார்.

ஆறு மாதம் முடிந்தது. பொன்னுரங்கம் வேலையை நிறுத்தினான். திருட்டு பூஜ்யத்துக்கு இறங்கியிருக்க வேண்டும். ஆனால் கெங்கம்மா இல்லாத தெரு, கதவு திறந்து கிடக்கிற தெரு, பித்தளை வெயிலில் மின்னுகிற தெரு என்ற சேதி தண்டையார்ப்பேட்டை தாண்டித் திருவொற்றியூர் வரைக்கும் பரவியிருந்தது. சங்கத்தில் உறுப்பினராக இல்லாத திருடர்கள், யாரையும் கேட்காமல் வர ஆரம்பித்தார்கள். லூர்துவின் சைக்கிள் போயிற்று.

"அண்ணாச்சி! மெய்யாலுமே பூட்ச்சு!" என்று ஓடிவந்தார் லூர்து.

"மெதுவாப் பேசும். இது குறைக்கிற பருவம். இப்பப் பதிஞ்சா கப்பு போயிரும்."

"நான் எர்ணாவூர் போவணும்னா எதுல போறது?"

"இரவல் குடுத்ததா நெனச்சுக்கிடும்."

அந்த ஆறு மாதத்தில் கயிற்றுக்காரத் தெரு வாய் திறக்காமல் இழந்த பொருள்களை அடுக்கினால் நங்கூரத் தெருவுக்கே பொறாமை வந்திருக்கும். கணக்கில் எல்லாம் பூஜ்யம். ஞானசெல்வி ஜன்னலோரம் உட்கார்ந்து கையால் தைத்தாள். குப்பத்துப் பெண்கள் சில நாள் பொறுத்தார்கள், பிறகு வேறு ஆள் பார்த்துக்கொண்டார்கள். வீட்டில் மீன் வாங்குவது நின்றது. காப்பி, கருப்பட்டித் தண்ணியாயிற்று. "கடவுள் தருவார்" என்று தேவப்பிரியம் சொன்னபோதெல்லாம் அவள் ஊசியை நிமிர்த்திப் பிடித்து நூல் கோத்தாள்.

விழாவுக்கு முந்தின வாரம் அவர் பொன்னுரங்கத்திடம் போனார். "மிஷினைக் கொல்லைப்புறமாக் கொண்டாந்து வச்சிரும்."

"அது நடக்காது நைனா. மகாசபைல சத்தியம் வாங்கிக்கினாங்க. மீட்ட பொருளு எல்லாம் அங்க தான் ஒப்படைக்கணும். ஒப்படைச்சிட்டேன்." அவன் கண்ணில் புதிதாக ஒரு நேர்மை தெரிந்தது.

தேவப்பிரியம் ராவ் சாகிப்பிடம் ஓடினார். "தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்" என்றார் ராவ் சாகிப். "உடைமைக்காரர் சபை முன்னால் வந்து, பொருள் எப்படிப் போயிற்று, யார் தூக்கினார்கள் என்று சத்தியம் செய்து சொல்ல வேண்டும். அவ்வளவுதான்."

யார் தூக்கினார்கள் என்று சொன்னால் ஒரு பக்கம் பொன்னுரங்கம், மறுபக்கம்? தேவப்பிரியம் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

விழா அன்று மண்டபம் நிரம்பி வழிந்தது. மேடையில் பொன்னுரங்கம் ராவ் சாகிப்புக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தான். ராவ் சாகிப் எழுந்தார்.

"மகாஜனங்களே! சென்ற வருஷம் கயிற்றுக்காரத் தெருவில் திருட்டே இல்லாத பரிதாப நிலை இருந்தது. அந்த ஜனங்களுக்கு நாம் திருட்டைக் காட்டினோம். அதைக் குறைக்கவும் கற்றுக்கொடுத்தோம். மகாசபை இல்லாவிட்டால் அந்தத் தெரு இன்னும் கதவைத் தாழ்ப்பாள் போடாமலேயே தூங்கிக்கொண்டிருக்கும்!"

பலத்த கரகோஷம். கப்பு தேவப்பிரியத்தின் கைக்கு வந்தது. மாலையும் விழுந்தது. கீழே வெள்ளத்துரையின் முகத்தைத் தேடிப் பார்த்தார். கறுத்துச் சுருங்கியிருந்தது. வருஷம் முழுக்க வயிற்றில் இருந்த பிசைவு அந்தக் கணமே நின்றது.

"அடுத்து, இரண்டாவதாக வந்த நங்கூரத் தெருவுக்கு ஆறுதல் பரிசு. யாரும் உரிமை கோராத ஒரு மீட்புப் பொருளைச் செயலாளரின் துணைவியார் சுகிர்தம் அம்மாளுக்கு வழங்குகிறோம்."

திரையை விலக்கினார்கள். தையல் மிஷின்.

பெண்கள் பக்கத்திலிருந்து ஞானசெல்வி எழுந்தாள். "அய்யா, அது என் மிஷின்."

ராவ் சாகிப் மூக்குக்கண்ணாடியை இறக்கித் தேவப்பிரியத்தைப் பார்த்தார். "செயலாளர் அவர்களே, தங்கள் வீட்டு மிஷினா? அப்படியானால் கப்பைச் சற்று இப்படி வையுங்கள். சத்தியம் செய்து சொல்லுங்கள்."

தேவப்பிரியம் மிஷினைப் பார்த்தார். ஞானசெல்வியைப் பார்த்தார். பிறகு வெள்ளத்துரையைப் பார்த்தார். அவன் நாற்காலி நுனிக்கு வந்து, கப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒரே கம்பெனி மிஷினுங்க எல்லாம் ஒண்ணு போலத்தான் இருக்கும்" என்றார் தேவப்பிரியம். கப்பை மார்போடு அணைத்துக்கொண்டார்.

ஞானசெல்வி உட்காரவில்லை. மேடையேறினாள், தங்கையோடு சேர்ந்து மிஷினின் ஒரு பக்கத்தைத் தூக்கினாள், அப்படியே நங்கூரத் தெருவுக்குப் போய்விட்டாள். சுகிர்தத்துக்கு ஊசியில் நூல் கோக்கத் தெரியாது. அக்கா அங்கேயே உட்கார்ந்து தைத்தாள். குப்பத்துப் பெண்கள் தேடிக்கொண்டு அங்கே வந்தார்கள். தேவப்பிரியம் கயிற்றுக்காரத் தெருவில் தனியாகக் கஞ்சி காய்ச்சி, கப்புக்கு முன்னால் உட்கார்ந்து குடித்தார். தூங்கும்போதும் கடைக்குப் போகும்போதும் கப்பு கூடவே இருந்தது. தெரு அப்படி இருந்தது.

வெள்ளத்துரையால்தான் தாங்க முடியவில்லை. கூடத்தில் காலியாக நின்ற முக்காலியைப் பார்த்துப் பார்த்து இளைத்துப் போனான். ஒரு நாள் சாயங்காலம் மிஷினை வாடகைக் கைவண்டியில் ஏற்றி, ஞானசெல்வியையும் அழைத்துக்கொண்டு தேவப்பிரியம் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டான்.

"அண்ணாச்சி, சுத்தி வளைச்சுப் பேசல. கப்பைக் குடுங்க. மிஷினை எறக்கிருதேன். மயினியும் வந்திருக்காவ."

ஞானசெல்வி வண்டிக்குப் பக்கத்தில் முந்தானையைச் செருகிக்கொண்டு நின்றாள். மிஷினை இறக்கக் கை கொடுக்கிறவள் மாதிரி.

தேவப்பிரியம் கப்பைப் பார்த்தார். அதில் வெள்ளத்துரையின் முகம் நீளமாகவும் தம்முடைய முகம் அகலமாகவும் தெரிந்தது. இதைக் கொடுத்தால் மறுபடியும் அந்த முக்காலி, அந்தப் பட்டுத்துணி, அந்தச் சுற்று.

"யோசிச்சு நாளைக்குச் சொல்லுதேனே" என்றார்.

ஞானசெல்வி செருகிய முந்தானையை அவிழ்த்துவிட்டாள். "வண்டியத் திருப்புப்பா" என்றாள் வண்டிக்காரனிடம். "மழை வாரது மாதிரி இருக்கு. நனைஞ்சா துருப்பிடிச்சுரும்."

வண்டி திரும்பியது. அது முனை வரை போன பிறகுதான் தேவப்பிரியத்துக்கு உறைத்தது. "செல்வி! நில்லு!" என்று பாய்ந்து ஓடினார். எட்டிப் பிடித்தார். ஆனால் பாரம் ஏற்றிய வண்டியை இழுத்து நிறுத்த இரண்டு கையும் வேண்டும். ஒரு கையில் கப்பு இருந்தது. அதைத் தரையில் வைக்கக் குனிந்தார். தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். வைக்காமல் நிமிர்ந்துவிட்டார். அந்தத் தெருவில் ஒரு பொருளைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பி எடுக்கிற காலம் போய் ஒரு வருஷமாகிவிட்டது.